ஐந்தாம் மேஜைக்குத் தவறி வந்த தட்டு

அமலிக்கு முப்பத்தாறு வயது. அவளிடம் தொழில் கற்க வந்த சவரிராயனுக்கு ஐம்பத்துமூன்று.

சிங்கப்பூரில், தேக்கா பக்கம், ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. அங்கே பரிமாறுகிறவர்களுக்கெல்லாம் தலைமை அமலி. பதினான்கு வருடமாக இருக்கிறாள். கை நடுங்கும் பெரியவர் வந்தால் ரசத்தை அரை டம்ளர்தான் ஊற்றுவாள். கொஞ்ச நேரம் கழித்து, அவர் கேட்காமலே, இன்னொரு அரை டம்ளர் வரும். தனியாகச் சாப்பிட வருகிறவர்களைச் சுவரைப் பார்த்து உட்கார வைக்க மாட்டாள். இதையெல்லாம் அவள் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. கூட இருப்பவர்கள் பார்த்துத் தெரிந்துகொண்டால் உண்டு.

சவரிராயன் கப்பல் பட்டறையில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தவர். கடைசிப் பத்து வருடம் நாற்பது பேருக்கு மேற்பார்வையாளர். ஆட்குறைப்பில் வேலை போயிற்று. ஏழு மாதம் வீட்டில் இருந்தார். மகன் பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தான். கடைசியில் கிடைத்தது இந்தக் கடை.

முதல் நாள் அமலி சோற்று வாளியை எப்படிப் பிடிப்பதென்று காட்டினாள்.

"சரிங்க டீச்சர்" என்றார் சவரிராயன். குத்தலாகத்தான் சொன்னார்.

அமலி அதைக் குத்தலாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு மூன்று வாரத்தில் குத்தல் போய்விட்டது. டீச்சர் என்ற சொல் மட்டும் நின்றுவிட்டது.

வேலையில் அவரிடம் பெரிய குறை சொல்ல முடியாது. எவ்வளவு கனமான வாளியும் அவர் கையில் அசையாது. ஒரு சொட்டுச் சாம்பார் சிந்தாது. ஆனால் பரிமாறும்போது யார் முகத்தையும் பார்க்க மாட்டார். யாராவது தன்னைப் பார்க்கிறார்களா என்று மட்டும் பார்ப்பார்.

மூன்றாம் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை, கதிரேசன் வந்தான். பட்டறையில் சவரிராயனிடம் வெல்டிங் கற்றுக்கொண்டவன். புதுக்கோட்டையிலிருந்து வந்திறங்கியபோது அவனுக்கு இருபத்திரண்டு வயது. இப்போது மனைவியையும் மாமனார் மாமியாரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தான்.

சவரிராயன் அவன் இலையில் சோறு வைக்கக் குனிந்தார்.

"அண்ணே! நீங்களா!"

கதிரேசன் எழுந்து நின்றுவிட்டான். முகமெல்லாம் சந்தோஷம். "மாமா, நான் சொல்வேன்ல, சவரி அண்ணன். இவருதான் எனக்குக் கையில டார்ச் புடிக்கவே கத்துக் குடுத்தவரு. உக்காருங்கண்ணே, எங்களோட சாப்பிடுங்க."

சவரிராயன் வாளியைக் கீழே வைத்தார். உள்ளே போனார். அரிசி மூட்டைகள் அடுக்கிய அறையில் போய் நின்றுகொண்டார். இருபது நிமிடம் வெளியே வரவில்லை.

அந்த மேஜைக்கு அமலி பரிமாறினாள். அவர் பொறுப்பிலிருந்த மற்ற மூன்று மேஜைகளுக்கும் அவளே ஓடினாள். ஒரு மேஜைக்காரர்கள் எழுந்து போய்விட்டார்கள். போகிற வழியில் முதலாளியிடம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

"திங்கட்கிழமை வா, பேசுவோம்" என்றார் முதலாளி சவரிராயனிடம்.

கடை ஓய்ந்த பிறகு சவரிராயன் அமலியிடம் வந்தார்.

"அவரு என்ன பேசுறது. நானே எழுதிக் குடுத்துட்டுப் போயிடறேன் டீச்சர். இது எனக்கு வராது."

அமலி துண்டை மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஞாயித்துக்கிழமை நம்ம ரெண்டு பேருக்கும் லீவுதானே. என்ன பண்றீங்க?"

"பூசைக்குப் போவேன். அப்புறம் சும்மாதான்."

"பன்றிக்கறி சாப்பிடுவீங்களா?"

"சாப்பிடுவேன்."

"அப்ப வாங்க. ஒரு கடை இருக்கு."

*

அது ஒரு பழைய கடைத்தொகுதியின் மூன்றாம் மாடியில் இருந்த ஃபிலிப்பினோ சாப்பாட்டுக் கடை. ஞாயிற்றுக்கிழமை வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கு ஓய்வு நாள். மாடிப்படியிலேயே கூட்டம். ஊருக்குப் பணம் அனுப்புகிறவர்கள், அட்டைப்பெட்டி கட்டுகிறவர்கள், சும்மா உட்கார்ந்து தலை பின்னிக்கொள்கிறவர்கள். அவர்களைத் தாண்டிப் போக வேண்டியிருந்தது.

கடை வாசலிலேயே வாசனை வந்தது. எலுமிச்சைப்புல்லும் பூண்டும் வைத்துச் சுருட்டிய பன்றி வயிற்றுக்கறி, நெருப்பில் மணிக்கணக்காகச் சுழன்று வெந்த வாசனை. லெச்சோன் என்பார்கள். சவரிராயனுக்கு வாயில் நீர் ஊறியது.

அதற்கப்புறம் நல்லதாக எதுவும் நடக்கவில்லை.

உட்காரச் சொல்ல ஆள் இல்லை. அவர்களாகவே ஒரு மேஜையில் உட்கார்ந்தார்கள். மேஜையில் ஐந்து என்று எண் ஒட்டியிருந்தது. முன்னால் சாப்பிட்டவர்களின் சோற்றுப் பருக்கைகள் அப்படியே கிடந்தன. பதினான்கு மேஜைக்கும் மஞ்சள் சட்டை போட்ட ஒரே ஒரு பெண். சட்டையில் மரிசெல் என்று பெயர் இருந்தது. கால் மணி நேரம் கழித்து அவள் வந்தாள்.

"அரைக் கிலோ வயிற்றுக்கறி, ரெண்டு சோறு, தண்ணீர்" என்றாள் அமலி. அங்கே எல்லாரும் பேசியது ஆங்கிலம்தான்.

மரிசெல் ஒரு சீட்டில் கிறுக்கிக்கொண்டு போனாள். அவர்களைப் பார்க்கவே இல்லை.

தண்ணீர் வரவில்லை. யாரும் கேட்காத ஒரு கிண்ணம் புளிப்புச் சூப் வந்தது. கொஞ்ச நேரத்தில் மரிசெல்லே வந்து, ஒன்றும் சொல்லாமல், அதை எடுத்துக்கொண்டு போனாள். அவர்களுக்குப் பிறகு வந்த இரண்டு பேர் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார்கள்.

சவரிராயன் கையைத் தூக்கினார்.

"கொஞ்சம் இருங்க" என்று சொல்லிக்கொண்டே மரிசெல் தாண்டிப் போனாள்.

இன்னொரு முறை தூக்கினார். மூன்றாம் முறை அவர் விரல்கள் சொடுக்குப் போடத் தயாராகின. அமலி அந்தக் கையைப் பார்த்தாள். அவர் கையை இறக்கிக்கொண்டார்.

"புரியுது டீச்சர்" என்றார். "வெள்ளிக்கிழமை நான் பண்ணினதை எனக்கே காட்டணும்னுதான் இங்க கூட்டிட்டு வந்தீங்க."

அமலி சிரித்துவிட்டாள்.

"ஐயோ இல்லண்ணே. இங்க கறி நல்லா இருக்கும். மாசம் ஒரு தடவை வந்துடுவேன்."

"இந்த லட்சணத்துலயா?"

"போன மாசம் ரெண்டு பொண்ணுங்க இருந்தாங்க. இப்படி இல்ல. எனக்கே இன்னைக்கு ஏமாத்தமாத்தான் இருக்கு."

"பின்ன எழுந்து போயிடலாம்."

"பசிக்குதுண்ணே."

சவரிராயன் கடிகாரத்தைப் பார்த்தார். வந்து ஐம்பது நிமிடம் ஆகியிருந்தது. பட்டறையில் இருந்திருந்தால் இந்நேரம் அவர் போட்ட சத்தம் கடல் வரைக்கும் கேட்டிருக்கும்.

சன்னலோரம் நான்கு மேஜைகளைச் சேர்த்துப் போட்டுப் பன்னிரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பலூன் கட்டியிருந்தார்கள். நடுவில் நரைத்த தலையோடு சின்ன உருவமாக ஒரு பெண்மணி. நீலப்பூப் போட்ட கவுன். அவர் முன்னால் வெறும் தட்டு. எல்லார் முன்னாலும் வெறும் தட்டுதான். அவர்களில் ஒருத்தி எழுந்து கல்லாப் பக்கம் போனாள், திரும்பி வந்தாள், மறுபடி போனாள்.

அமலி பக்கத்து மேஜைப் பெண்ணிடம் ஏதோ கேட்டாள். பிறகு சவரிராயன் பக்கம் திரும்பினாள்.

"அந்த அம்மா பேரு லீத்தாவாம். பத்தொன்பது வருஷம் ஒரே வீட்டுல வேலை. அந்த வீட்டுப் புள்ளைங்க மூணு பேரையும் அவங்கதான் வளர்த்தாங்களாம். இன்னைக்கு சாயங்காலம் ஊருக்குப் போறாங்க. இனிமே வரமாட்டாங்க."

"அதுக்கு விருந்தா?"

"ஆமா. முழு வயித்துக்கறிச் சுருள் சொல்லி வச்சிருக்காங்க. மூணு மணிக்கு விமான நிலையம் கிளம்பணுமாம்."

மணி இரண்டு.

சவரிராயனுக்கு அதில் அப்போது அக்கறை இல்லை. அவருக்கு வேறொன்று கேட்க வேண்டியிருந்தது.

"டீச்சர், ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்க."

"பதினாலு வருஷமா அடுத்தவன் இலைக்கு முன்னால குனியறீங்க. தெரிஞ்சவங்க வந்திருப்பாங்க. பள்ளிக்கூடத்துல கூடப் படிச்சவங்க வந்திருப்பாங்க. உங்களுக்கு ஒரு நாளாவது வெக்கமா இருந்ததில்லையா?"

அமலி வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து மரிசெல் வந்தாள். இரண்டு கையாலும் ஒரு பெரிய தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து அவர்கள் முன்னால் வைத்தாள். அதன் ஓரத்திலிருந்த சோற்றுச் சட்டியையும் இரண்டு சாஸ் கிண்ணங்களையும் இறக்கினாள். வைத்த வேகத்தில் திரும்பி ஓடினாள். கூப்பிட்டு நிறுத்தக்கூட அவகாசம் இல்லை.

வாழையிலை மேல் முழு வயிற்றுக்கறிச் சுருள். மூன்று கிலோ இருக்கும். தோல் செம்பு நிறத்தில் பளபளத்தது. உள்ளே கொழுப்பு இன்னும் சடசடத்துக்கொண்டிருந்தது.

இரண்டு பேருக்கும் அது யாருடையது என்று தெரிந்தது.

"தொடாதீங்க டீச்சர்" என்றார் சவரிராயன். "அவ வரட்டும். தப்புப் பண்ணிட்டேன்னு அவ வாயால சொல்லி எடுத்துட்டுப் போகட்டும். ஒரு மணி நேரமா ஒரு வாய்த் தண்ணி குடுக்கல. நாம என்ன அவளுக்கு வேலைக்காரங்களா?"

"அவ வர்றதுக்குள்ள தோல் நமுத்துப் போயிடும்."

அமலி எழுந்தாள். பையிலிருந்து ரப்பர் வளையத்தை எடுத்துக் கூந்தலை இறுக்கிக் கட்டினாள். காகிதத்தால் கைகளைத் துடைத்துக்கொண்டாள். தட்டைத் தூக்கினாள்.

"சோத்தையும் சாஸையும் எடுத்துட்டு என் பின்னாடியே வாங்கண்ணே."

சவரிராயன் உட்கார்ந்தே இருந்தார்.

*

அவர் மூன்று மாதமாக அவளைத் தினமும் பார்க்கிறார். ஆனால் அவளோடு சேர்ந்து ஓடிக்கொண்டே பார்த்ததுதான். உட்கார்ந்து பார்த்தது அன்றைக்குத்தான்.

அவள் அவசரமே படவில்லை. கூட்டம் நெரித்த அந்தக் கடையில் நாற்காலிகளுக்கு நடுவே அவளுக்கென்று ஒரு பாதை இருந்ததுபோல நடந்தாள். முதுகு நேராக இருந்தது. பச்சைச் சட்டை, தேய்ந்த செருப்பு, தோளில் கைப்பை. ஆனாலும் வழியில் உட்கார்ந்திருந்தவர்கள் காலை மடக்கிக்கொண்டார்கள். சன்னலோர மேஜைக்கு இரண்டடி முன்னால் ஒரு நொடி நின்றாள். பன்னிரண்டு பேரும் அந்தக் கறியைப் பார்க்கும்படி நின்றாள். பேச்சு அடங்கியது.

தட்டை மேஜைக்கு நடுவில் வைக்கவில்லை. லீத்தாவின் முன்னால் வைத்தாள்.

"மன்னிக்கணும்" என்றாள். "உங்களை ரொம்ப நேரம் காக்க வச்சுட்டோம்."

சவரிராயன் காதில் அது விழுந்தது. வச்சுட்டோம் என்று சொல்கிறாள். அதே ஒரு மணி நேரம் தண்ணீர்கூட இல்லாமல் காத்திருந்தவள் சொல்கிறாள்.

அவர் எழுந்தார். சோற்றுச் சட்டியை ஒரு கையிலும் சாஸ் கிண்ணங்களை மறு கையிலும் எடுத்துக்கொண்டார். போனார்.

அங்கே ஒரு சின்னக் குழப்பம் நடந்துகொண்டிருந்தது. கறி வந்ததும் லீத்தா எழுந்துவிட்டார். கத்தியைக் கையில் எடுத்துவிட்டார். யார் யாருக்கு எவ்வளவு என்று கண்ணால் அளக்கவும் ஆரம்பித்துவிட்டார்.

அமலி அவர் கையிலிருந்து கத்தியை மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

"நீங்க உட்காருங்க."

"பரவாயில்லை, எனக்குப் பழக்கம்."

"எனக்கும் பழக்கம்தான். உட்காருங்க."

தோழிகள் சிரித்தார்கள். லீத்தா உட்கார்ந்தார். உட்கார்ந்தவருக்குக் கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மேஜை மேல் வைத்தார், மடியில் வைத்தார், மறுபடி மேஜை மேல் வைத்தார்.

அமலி கத்தியை இறக்கினாள். தோல் உடைந்த சத்தம் அடுத்த மேஜை வரைக்கும் கேட்டது. முதல் துண்டு, நல்ல அகலமான தோலோடு, லீத்தாவின் தட்டுக்குப் போனது.

"சோறு" என்றாள் அமலி, தலையைத் திருப்பாமல்.

சவரிராயன் சோறு வைத்தார். சாஸ் கிண்ணம் ஒன்றை லீத்தாவின் தட்டருகே வைத்தார். இன்னொன்றை மேஜையின் மறுகோடியில் வைத்தார். வரிசையாக ஒவ்வொரு தட்டுக்கும் சோறு வைத்துக்கொண்டே போனார். ஒருத்தி "கொஞ்சம் போதும்" என்றாள். ஒருத்தி தட்டை இன்னும் முன்னால் நீட்டினாள். கண்ணாடி போட்ட ஒருத்தி சோற்றைத் தொடாமல் லீத்தாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அவர் பேசாமல் வைத்துவிட்டு நகர்ந்தார். கடைசித் தட்டுக்குச் சட்டியில் சரியாகச் சோறு இருந்தது. எப்படி அளந்தோம் என்று அவருக்கே தெரியவில்லை.

லீத்தா தோலைக் கடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். மேஜை முழுவதும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தது.

அப்போதுதான் மரிசெல் ஓடிவந்தாள். பார்த்ததும் அவள் முகம் வெளிறியது.

"அந்த மூலையில பணம் கட்டக் காத்திருக்காங்க. அதை முதல்ல பாரு" என்றாள் அமலி. "அப்புறம் இங்க பன்னிரண்டு பேருக்குத் தண்ணி."

மரிசெல் யாரென்றுகூடக் கேட்கவில்லை. "சரி" என்று ஓடினாள்.

சத்தம் கேட்டுச் சமையலறையிலிருந்து கடைக்காரி வந்தாள். ஐம்பது வயதுப் பெண். கையில் தடித்த அடுப்புத்துணி, நெற்றியெல்லாம் வியர்வை. பெயர் நெலி.

"நீங்க யாரு?"

"அஞ்சாம் நம்பர் மேஜை" என்றாள் அமலி.

நெலிக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் இரண்டு கையையும் கூப்பாத குறை. "ஐயோ, இன்னைக்கு நீங்க சாப்பிட்டதுக்குப் பணம் வேண்டாம். தயவுசெய்து..."

"நாங்க இன்னும் சாப்பிடவே இல்ல. சாப்பிட்டா குடுப்போம்" என்றாள் அமலி. "இப்படி வாங்க, ஒரு நிமிஷம்."

கல்லா பக்கத்தில், சாப்பிடுகிறவர்கள் காதில் விழாத இடத்துக்கு நெலியை அழைத்துப் போனாள். மரிசெல்லும் அங்கே நின்றாள். தண்ணீர்க் குவளைகளை அடுக்கியபடி, தலையைக் குனிந்துகொண்டு.

"ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். மேஜை துடைக்கல. தண்ணி வரல. கேக்காத சூப் வந்துச்சு, அடுத்தவங்க கறி வந்துச்சு. நான் மாசாமாசம் இங்க வர்றவ. இன்னைக்கு இந்தக் கடை நல்லா இல்ல."

குரலை உயர்த்தவில்லை. காலையில் கடையில் 'இன்னைக்கு வாழைப்பூ வடை உண்டு' என்று சொல்கிற அதே குரல்.

நெலி மரிசெல்லைத் திரும்பிப் பார்த்தாள். பார்வை நன்றாக இல்லை.

"சீட்டுல மேஜை நம்பர் எழுதல. அது ஒண்ணுதான் இவ தப்பு" என்றாள் அமலி. மரிசெல்லிடமே திரும்பி, "எழுதணும் இல்லையா?" என்றாள்.

"எழுதணும்" என்றாள் மரிசெல்.

"மத்தது உங்க தப்பு" என்றாள் நெலியிடம். "பதினாலு மேஜைக்கு ஒரு ஆள். காலையிலேருந்து இவ உட்காரல. சாப்பிடவும் இல்லைன்னு நினைக்கிறேன்."

"இன்னொரு பொண்ணு போன வாரம் நின்னுட்டா. ஆள் கிடைக்கல. நான் என்ன செய்யட்டும்?"

"ஏழு மேஜையைத் தூக்கி உள்ள போடுங்க."

நெலி அவளையே பார்த்தாள். மறுத்துப் பேசுவாள் என்று சவரிராயன் நினைத்தார். அவள் அடுப்புத்துணியால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "ஞாயித்துக்கிழமை ஏழு மேஜையா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு வாசலோரம் காலியாகியிருந்த மேஜையிலிருந்து நாற்காலிகளைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்க்க ஆரம்பித்தாள்.

சவரிராயன் பத்து வருடம் நாற்பது பேரைத் திட்டியவர். திட்டி முடித்தபின் ஒருவர் முகமும் நேராக இருந்ததாக அவருக்கு நினைவில்லை. இங்கே மரிசெல் தலை நிமிர்ந்து தண்ணீர்த் தட்டைத் தூக்கிக்கொண்டு போனாள்.

*

கறி தீர்ந்துவிட்டது. அவர்கள் கேட்ட அரைக் கிலோ இல்லை. ஓரத்தில் வெட்டி ஒதுக்கிய துண்டுகளும் சோறும் அந்தப் புளிப்புச் சூப்பும்தான் கிடைத்தன. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மரிசெல் ஒரு சின்னத் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். சன்னலோர மேஜையிலிருந்து இரண்டு துண்டு தோல்.

சவரிராயன் ஒன்றை வாயில் போட்டார். அமலி சொன்னது சரிதான், இந்தக் கடையில் கறி நன்றாக இருந்தது.

மூன்றடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது லீத்தா கிளம்பினார். தோழிகள் பெட்டிகளை இழுத்துக்கொண்டு முன்னால் போனார்கள். அவர் ஐந்தாம் மேஜையருகே நின்றார். அமலியின் தோளைத் தொட்டார். பிறகு சவரிராயனைப் பார்த்தார்.

"எத்தனை வருஷமா இந்த வேலை, சார்?"

"மூணு மாசம்."

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. மனைவியின் அண்ணனிடம்கூட, கம்பெனியில் இருக்கிறேன் என்றுதான் அவர் சொல்லியிருந்தார்.

"மூணு மாசமா!" லீத்தாவுக்குச் சிரிப்பு வந்தது. "நான் முதல் மூணு மாசம் பாத்திரம் கழுவற இடத்துல நின்னு அழுதுட்டிருந்தேன்."

"நான் அரிசி மூட்டைக்குப் பக்கத்துல" என்றார் சவரிராயன்.

அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே போனார்.

அமலி பணம் கட்டினாள். நெலி மறுத்தாள். அமலி கல்லா மேல் வைத்துவிட்டு, "அடுத்த மாசம் வர்றேன்" என்றாள்.

"வாங்க" என்றாள் நெலி. "ஏழு மேஜைதான் இருக்கும்."

இருவரும் பேருந்து நிறுத்தத்துக்கு வந்தார்கள். பேருந்து உடனே வந்தது. மேல்தளத்தில் முன்னால் இடம் கிடைத்தது. மூன்று நிறுத்தம் தாண்டிச் சவரிராயன் கூப்பிட்டார்.

"டீச்சர்."

"சொல்லுங்கண்ணே."

"நாளைக்கு முதலாளிகிட்ட எழுதிக் குடுக்கலை. வெள்ளிக்கிழமை உள்ள போய் ஒளிஞ்சுக்கிட்டேன்னு நானே சொல்லிடறேன். அப்புறம் அவரு இஷ்டம்."

"சொல்லுங்க."

"கதிரேசனுக்கும் போன் பண்ணணும். பாவம், அவன் எழுந்து நின்னான்."

"பண்ணுங்க."

பேருந்து வளைந்து திரும்பியது. சவரிராயன் முன்கம்பியைப் பிடித்துக்கொண்டார். அவர் எதையோ திரும்பத் திரும்ப யோசித்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

"இன்னைக்கு ஒரு தப்புப் பண்ணிட்டேன் டீச்சர்."

"என்ன?"

"அந்த அம்மா இடது கைக்காரங்க. கிளம்பறப்ப நம்ம மேஜைகிட்ட நின்னாங்களே, அப்பத்தான் பார்த்தேன். இடது கை விரல்லதான் எண்ணெய் இருந்துச்சு. நான் சாஸ் கிண்ணத்தை வலது பக்கம் வச்சுட்டேன். ஒவ்வொரு வாய்க்கும் தட்டைத் தாண்டிக் கையை நீட்டியிருப்பாங்க. கடைசிச் சாப்பாடு. நிம்மதியா சாப்பிட விடாம பண்ணிட்டேன்."

"நீட்டலண்ணே."

"நீட்டித்தானே ஆகணும்? கிண்ணம் அந்தப் பக்கம்ல இருந்துச்சு."

"நீங்க அடுத்த தட்டுக்குத் திரும்பினதும் மாத்தி வச்சுட்டேன்."